கடலடிச் சேறு சொல்லும் கணக்கு: வாசகர் கேள்விகளும் விடைகளும்

எண்ணூர்க் கழிமுகத்தின் எண்ணெய் மாசு குறித்து நாம் எழுதியதை அடுத்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன: கடலடிப் படிவில் உள்ள கரிம மாசுகளை ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள், அந்த அளவுகளை எந்த அளவுக்கு நம்பலாம்? அவற்றில் ஆறு கேள்விகளை இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி (மீஞ்சூர் வாசகர்): 2017-இல் கப்பல்கள் மோதியபோதும், 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் பகுதியில் எண்ணெய் பரவியது. இன்று தண்ணீர் தெளிவாகத்தான் தெரிகிறது. ஆராய்ச்சியாளர்களோ தண்ணீரை விட்டுவிட்டுச் சேற்றையே அள்ளிச் செல்கிறார்கள். ஏன்?

விடை: நீங்கள் சொல்லும் மாசுகளுக்குத் தண்ணீர் ஒத்துவராத இடம் என்பதே காரணம். எண்ணெயிலும் புகையிலும் உள்ள பல்வளைய அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்களில், சுருக்கமாக பி.ஏ.எச். சேர்மங்களில், மிகச் சிறியதான நாப்தலீன் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 30 மில்லிகிராம் வரை கரையும். ஐந்து வளையங்கள் கொண்ட பென்சோ பைரீனோ லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே நின்றுவிடும். கரைய மறுப்பவை நீரில் மிதக்கும் நுண்துகள்களின் மேலுள்ள கரிமப் பொருளில் ஒட்டிக்கொண்டு, துகளோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடுகின்றன. தண்ணீர் ஓதத்தோடு வந்து போகும், சேறு தங்கும். ஆகவே இன்று எடுத்த நீர் மாதிரி இன்றைய நிலையை மட்டும் காட்டும். சேற்றின் மேல் 2 சென்டிமீட்டர், இடத்தைப் பொறுத்து, பல ஆண்டுகளின் வரவைச் சேர்த்துக் காட்டும்.

ஆழத்தில் புதைந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் நீண்ட குழாயைச் செங்குத்தாக இறக்கிச் சேற்றை அடுக்குக் குலையாமல் எடுத்து, துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் தனியே பகுப்பாய்வு செய்கிறார்கள். அடுக்கின் வயதை ஈயம்-210 என்ற கதிரியக்க ஐசோடோப்பின் தேய்வைக் கொண்டு கணக்கிடலாம். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 22 ஆண்டுகள். வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகளின் உச்சமான 1963-ஐ சீசியம்-137 அடையாளம் காட்டும். இத்தகைய ஆய்வுக்குப் பெயர்பெற்ற இடம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் அருகிலுள்ள பாலோஸ் வெர்டெஸ் கடற்படுகை. 1947 முதல் 1982 வரை டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரித்த மான்ட்ரோஸ் நிறுவனத்தின் கழிவு, 1970-களின் தொடக்கம் வரை நகரக் கழிவுநீர்க் குழாய் வழியாக அங்கே கடலில் கலந்தது. இன்று செறிவு மிகுந்த அடுக்கு மேற்பரப்பில் இல்லை; பின்னாளில் படிந்த சேற்றுக்கு அடியில் இருக்கிறது. மேல்சேற்றை மட்டும் அள்ளியவர்கள் அங்கே பாதிக் கதையையே அறிந்திருப்பார்கள்.

எங்கே அள்ளுகிறோம் என்பதும் முக்கியம். ஒரே கழிமுகத்தில் மணற்பாங்கான இடத்தில் மாசு குறைவாகவும், சதுப்பின் நுண்சேற்றில் மிகுதியாகவும் இருப்பது இயல்பு. மணலில் ஒட்டிக்கொள்ளக் கரிமப் பொருள் இல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லாமலும் போகலாம். அதனால்தான் கவனமான அறிக்கைகளில் மொத்தக் கரிமக் கார்பனும், 63 மைக்ரோமீட்டரைவிடச் சிறிய துகள்களின் பங்கும் சேர்த்துத் தரப்படுகின்றன.

கேள்வி (முதுநிலை வேதியியல் மாணவி, தூத்துக்குடி): எங்கள் ஆய்வகத்தில் சாக்ஸ்லெட் கருவியில் ஒரு நாள் முழுவதும் பிரித்தெடுக்கச் சொல்கிறார்கள். மீயொலிக் குளியலில் அரை மணி நேரம் வைத்தால் போதாதா? பிரித்தெடுத்த கரைசலில் செப்புத் துகள் போட்டதும் கறுத்துப்போகிறதே, அது எதனால்?

விடை: இரண்டு கேள்விகளுக்கும் இடையில் நீங்கள் கேட்காத சில படிகள் இருக்கின்றன. என் அனுபவத்தில் தவறுகள் நேர்வது பெரும்பாலும் அவற்றில்தான் என்பதால் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் மாதிரி. படகின் டீசல் புகையிலும், கிராப் எனப்படும் அள்ளுகருவியின் கம்பிவடத்தில் பூசிய கிரீஸிலும் நீங்கள் தேடும் அதே சேர்மங்கள் இருக்கின்றன. ஆகவே அள்ளிய சேற்றில் உலோகச் சுவரைத் தொட்ட பகுதியை ஒதுக்கி, நடுவிலிருந்து எஃகுக் கரண்டியால் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பை கூடாது. 450 பாகை செல்சியசில் சில மணி நேரம் சுட்ட கண்ணாடிக் குடுவையும், மூடிக்கு உட்புறம் அலுமினியத் தாளும் போதும். பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து, மைனஸ் 20 பாகையில் காக்க வேண்டும்.

அடுத்து உலர்த்தல். சேற்றை வெப்ப அடுப்பில் உலர்த்துவது எளிது. ஆனால் நாப்தலீன் என்பது நம் வீட்டு அலமாரியில் தானாகவே கரைந்து காணாமற்போகும் அந்துருண்டைதான். அடுப்பில் வைத்த சேற்றில் அது மிஞ்சாது. உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்துவது மேல். அந்தக் கருவி இல்லையென்றால் ஈரச் சேற்றோடு நீரற்ற சோடியம் சல்பேட்டைக் கலந்து மணல்போல் உதிரும்வரை அரைக்கலாம்.

இப்போது சாக்ஸ்லெட்டுக்கு வருவோம். 1879-இல் பிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் பாலிலுள்ள கொழுப்பை அளப்பதற்காக வடிவமைத்த கருவி இது. கரைப்பான் கொதித்து ஆவியாகி, குளிர்ந்து, மாதிரியின் மேல் சொட்டி, நிறைந்ததும் தானே வடிந்து மீண்டும் கொதிகலத்துக்குத் திரும்புகிறது. மணிக்கு நான்கு முதல் ஆறு சுற்றுகள், 16 முதல் 24 மணி நேரம். ஒவ்வொரு சுற்றிலும் மாதிரியைத் தொடுவது புதிதாக வடிந்த தூய கரைப்பான் என்பதே அதன் வலிமை. மீயொலியில் அந்த வசதி இல்லை. ஒரே கரைப்பானில் சமநிலை ஏற்பட்டதும் பிரிப்பு நின்றுவிடும். ஆகவே மீயொலியைப் பயன்படுத்தினால் கரைப்பானை மாற்றி மாற்றிக் குறைந்தது மூன்று முறை செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் எண்ணெய் மிகுந்த சேற்றுக்கு அது பெரும்பாலும் போதுமானதே. வசதியுள்ள ஆய்வகங்களில், 100 பாகை வெப்பத்திலும் 100 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்திலும், கொதிநிலையைத் தாண்டியும் திரவமாகவே இருக்கும் கரைப்பானைக் கொண்டு கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். எந்த முறையானாலும், சேற்றில் சிறிதேனும் ஈரம் எஞ்சியிருந்தால் ஹெக்சேன் மட்டும் துகளுக்குள் புகாது. அசிட்டோன் கலந்தாக வேண்டும்.

பிரித்தெடுக்கும் முன்பே, உலர்ந்த சேற்றின் மேல், டியூட்டீரியம் எனப்படும் கன ஹைட்ரஜனை ஏற்றிய நாப்தலீன், பெனாந்திரீன், கிரைசீன் போன்றவற்றைத் தெரிந்த அளவில் சேர்க்கிறீர்கள் அல்லவா? இயற்கையில் இல்லாத இவை, இயல்பான சேர்மங்களைப் போலவே ஒவ்வொரு படியிலும் இழப்புக்கு உள்ளாகும். இறுதியில் இவற்றில் எத்தனை விழுக்காடு மீண்டது என்று பார்த்து மற்றவற்றின் இழப்பை மதிப்பிடுகிறோம். இந்த மீட்பு விழுக்காட்டின் மேல் பலர் அளவுக்கு மீறிய நம்பிக்கை வைக்கிறார்கள் என்பது என் கருத்து. காலையில் சட்டையில் பட்ட கறை துவைத்ததும் போய்விட்டது என்பதால், பத்தாண்டுப் பழைய கறையும் போயிருக்கும் என்று சொல்ல முடியுமா? நேற்றுச் சேர்த்த டியூட்டீரியம் சேர்மம் துகளின் மேற்பரப்பில் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நிலக்கரிப் புகையோடு வந்த பி.ஏ.எச். கரித்துகளின் உள்ளே சிக்கியிருக்கிறது. முன்னது 95 விழுக்காடு மீண்டாலும் பின்னது பாதியே வந்திருக்கக்கூடும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, உண்மையான கடற்சேற்றிலிருந்து தயாரித்துச் சான்றளித்த மேற்கோள் மாதிரியையும் அதே வரிசையில் ஓட்டிப் பார்ப்பது.

செப்பு கறுப்பதற்கு வருகிறேன். ஆக்சிஜன் இல்லாத கடற்சேற்றில் பாக்டீரியாக்கள் சல்பேட்டை ஒடுக்கி ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. கழிமுகச் சேற்றின் அழுகிய முட்டை வாடை அதுவே. அது ஓரளவு ஆக்சிஜனேற்றம் அடையும்போது தனிமக் கந்தகம் உருவாகிறது. எட்டு அணு வளையமான இந்தக் கந்தகம் உங்கள் கரைப்பானில் நன்றாகக் கரைந்து, சேர்மங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளிவருவதைக் காட்டும் வரைபடமான குரோமட்டோகிராமில் குளோரின் பூச்சிக்கொல்லிகள் வெளிவரும் பகுதியில் பெரும் மேடாக எழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். அமிலத்தில் கழுவித் துலக்கிய செப்பு அதைச் செப்புச் சல்பைடாகப் பிடித்துக்கொள்கிறது. கறுப்பது நல்ல அறிகுறி. புதிய செப்பு சேர்த்தும் கறுக்காமல் இருக்கும்வரை தொடருங்கள்.

அதன்பின் சிலிக்கா ஜெல் அடைத்த குழாயான நிரலில் ஹெக்சேனை விட்டால் நேர்சங்கிலி ஆல்கேன்களும், டைகுளோரோமீத்தேன் கலந்த ஹெக்சேனை விட்டால் பி.ஏ.எச். சேர்மங்களும் இறங்கும், நிறமிகளும் கொழுப்பமிலங்களும் நிரலிலேயே தங்கும். சுருக்கும்போது நைட்ரஜனை மெல்ல ஊதுங்கள். எக்காரணம் கொண்டும் வறட்சி வரை போகவிடாதீர்கள். முன் சொன்ன நாப்தலீன் இங்கேயும் பறந்துவிடும். சேறு இல்லாமல் எல்லாப் படிகளையும் செய்த வெற்று மாதிரி ஒவ்வொரு தொகுப்பிலும் ஒன்று இருக்க வேண்டும் என்பதை உங்கள் ஆசிரியர் சொல்லியிருப்பார்.

கேள்வி (வாசகர், சென்னை): "16 வகை பி.ஏ.எச். அளக்கப்பட்டது, எச்சரிக்கை அளவுக்குக் கீழ்தான் உள்ளது" என்று ஓர் அறிக்கையில் படித்தேன். அப்படியானால் அந்தச் சேற்றில் எண்ணெய் மாசு இல்லை என்று கொள்ளலாமா?

விடை: கொள்ள முடியாது. அந்தப் 16 என்ற பட்டியல் 1970-களில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தொகுத்தது. அதில் இருப்பவை அனைத்தும் பக்கச் சங்கிலி இல்லாத தாய்ச் சேர்மங்கள். நிலக்கரியும் விறகும் எரியும்போது மிகுதியாக உண்டாவன. கச்சா எண்ணெயிலும் உலை எண்ணெயிலும் ஓங்கி நிற்பவையோ மெத்தில், ஈத்தைல் தொகுதிகள் ஒட்டிய வழிப்பொருள்கள். எண்ணெய்க் கசிவு நேர்ந்த இடத்தில் 16-ஐ மட்டும் அளப்பது, பெருமளவு எண்ணெயை அளக்காமல் விடுவதற்குச் சமம். பெனாந்திரீனைவிட மெத்தில் பெனாந்திரீன்களின் கூட்டுத்தொகை தெளிவாக மிகுந்திருந்தால் எண்ணெயைச் சந்தேகிக்கலாம். ஃபுளூரான்தீனையும் பைரீனையும் கூட்டிய தொகையில் ஃபுளூரான்தீனின் பங்கு 0.4-க்குக் கீழ் இருந்தால் எண்ணெய், 0.5-க்கு மேல் இருந்தால் விறகு அல்லது நிலக்கரி எரிப்பு என்று ஒரு விதி பரவலாக வழங்குகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையும் அனல்மின் நிலையமும் துறைமுகமும் அடுத்தடுத்து நிற்கும் வடசென்னைக் கரையில் இந்த ஒற்றை விகிதத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவது துணிச்சலான செயல்.

இன்னும் உறுதியான சான்று ஹோப்பேன்கள். பழங்கால பாக்டீரியாக்களின் செல் சவ்விலிருந்து வந்து பாறை எண்ணெயில் எஞ்சிய இவை எளிதில் சிதைவதில்லை. மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு இனங்காணும் நிறை நிறமாலைமானியில் 191 என்ற நிறையுள்ள அயனியைத் தொடர்ந்தால் இவற்றின் வரிசை தெரியும். அந்த வரிசையைச் சந்தேகத்துக்குரிய கப்பல் தொட்டியின் எண்ணெயோடு ஒப்பிட்டு, அதுவா இல்லையா என்று சொல்ல முடியும். பிரிக்கவே இயலாத கலவையாக, வரைபடத்தின் அடியில் எழும் அகன்ற மேடும் சிதைந்த எண்ணெயின் அடையாளமே. உச்சிகளை மட்டும் கணக்கிடும் அறிக்கையில் அது இடம்பெறாது.

எச்சரிக்கை அளவு பற்றி ஒரு சொல். பெரும்பாலான அறிக்கைகள் எடுத்தாள்வது 1995-இல் அமெரிக்காவில் வெளியான வழிகாட்டு எண்களை: மொத்த பி.ஏ.எச்.-க்கு உலர் எடையில் கிராமுக்கு 4,022 நானோகிராம் என்பது கீழ் எல்லை, 44,792 என்பது மேல் எல்லை. கீழ் எல்லைக்குக் கீழே அடிவாழ் உயிரினங்களுக்குத் தீங்கு அரிதாகவே பதிவானது என்பது இதன் பொருள். இவை சட்ட வரம்புகளும் அல்ல. மீனை உண்பவரின் உடல்நலத்துக்காக வகுத்தவையும் அல்ல.

கேள்வி (வாசகர், நாகப்பட்டினம்): டி.டி.டி.-யைவிட டி.டி.டி.யின் சிதைவுப் பொருள்கள் மிகுந்திருந்தால் அது பழைய மாசு என்கிறார்கள். இந்த முடிவை நம்பலாமா?

விடை: அடிப்படை சரியானது. காற்றுள்ள மண்ணில் டி.டி.டி. பெரும்பாலும் டி.டி.இ. என்ற சிதைவுப் பொருளாகவும், காற்றில்லாச் சேற்றில் டி.டி.டி-யின் ஒரு குளோரின் நீங்கி ஹைட்ரஜன் ஏறிய வடிவமாகவும் மாறுகிறது. இந்தியாவில் வேளாண்மைப் பயன்பாடு 1989-இல் நின்றாலும் கொசு ஒழிப்புக்கு அது தொடர்ந்ததால், இங்கே "புதியதா, பழையதா" என்ற கேள்விக்கு நடைமுறை முக்கியத்துவம் உண்டு.

ஆனால் சேர்மங்களை ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு குரோமட்டோகிராபிக் கருவியின் நுழைவாய் 200 பாகைக்கு மேல் சூடாக இருக்கும். சேற்றின் கழிவு படிந்து அழுக்கான கண்ணாடிக் குழலில் டி.டி.டி. விழுந்தால், அங்கேயே சிதைந்து மேற்சொன்ன இரண்டு பொருள்களாகவும் மாறிவிடும். கடலில் நடக்காத சிதைவு கருவிக்குள் நடந்து, நேற்று வந்த மாசு பழைய மாசாகத் தோன்றும். இதனால்தான் தூய டி.டி.டி.-யை மட்டும் செலுத்திப் பார்த்து, சிதைவு 15 விழுக்காட்டைத் தாண்டினால் குழலை மாற்றிவிட்டே மாதிரிகளைத் தொட வேண்டும் என்று செய்முறை நூல்கள் விதிக்கின்றன. விகிதத்தைப் பற்றிப் பேசும் அறிக்கையில் இந்தச் சோதனையின் முடிவு இல்லையென்றால் நான் அந்த விகிதத்தைப் பொருட்படுத்துவதில்லை.

இன்னொரு சிக்கல், ஜேம்ஸ் லவ்லாக் 1950-களில் உருவாக்கிய எலக்ட்ரான் பிடிப்பு உணர்கருவி. குளோரின் உள்ள சேர்மங்களை மிக நுண்ணிய அளவிலும் அது உணரும்; ஆனால் அவை எவை என்று சொல்லாது, வெளிவரும் நேரத்தை மட்டுமே காட்டும். 1966-இல் சுவீடனின் சோரன் யென்சன், டி.டி.டி. தேடிய மாதிரிகளில் மீண்டும் மீண்டும் வந்த இனந்தெரியாத உச்சிகளைத் துரத்திப்போய்த்தான், மின்மாற்றி எண்ணெய்களில் பயன்பட்ட பி.சி.பி. என்ற குளோரின் சேர்மங்கள் உயிரினங்களில் சேர்ந்திருப்பதை வெளிப்படுத்தினார். 209 வகைகள் கொண்ட அந்தச் சேர்மங்களில் சில, டி.டி.டி. குடும்பத்தோடு ஒரே நேரத்தில் வெளிவரக்கூடியவை. ஆகவே தன்மை வேறுபட்ட இரண்டாவது நிரலிலோ நிறை நிறமாலைமானியிலோ உறுதிப்படுத்தாத எண்ணை, அதிகபட்ச மதிப்பீடு என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (வாசகி, நீர்கொழும்பு): இலங்கைக் கடலில் தீப்பிடித்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து கரையொதுங்கிய பிளாஸ்டிக் குருணைகளையும் இதே முறையில்தான் அளக்கிறார்களா?

விடை: இல்லை. பிளாஸ்டிக்கை அடர்ந்த உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பிரித்து, எண்ணி, அகச்சிவப்பு நிறமாலையால் இனங்காண்கிறார்கள். சாதாரண உப்புக் கரைசலில் பாலித்தீன் மிதக்கும், பி.வி.சி. மிதக்காது; அதற்குத் துத்தநாகக் குளோரைடு போன்ற அடர்த்தி கூடிய கரைசல் வேண்டும். 2021 மே மாதத்துத் தீயில் கருகிய கட்டிகளில் மட்டும், எரிப்பால் உண்டான பி.ஏ.எச். சேர்மங்களைத் தேட மேலே சொன்ன கரைப்பான் வழி பயன்படும்.

கேள்வி (மீனவர் சங்க உறுப்பினர், கடலூர்): ஒரே இடத்துச் சேற்றை இரண்டு ஆய்வகங்களுக்குக் கொடுத்தோம். ஒன்று 400 என்கிறது, மற்றது 1,000 என்கிறது. யாரை நம்புவது?

விடை: இரண்டுமே சரியாக இருக்கலாம். நூறு கிராம் சேற்றில் 60 கிராம் தண்ணீர் இருந்தால், ஈர எடையில் கிராமுக்கு 400 நானோகிராம் என்பதும், உலர் எடையில் கிராமுக்கு 1,000 நானோகிராம் என்பதும் ஒன்றே. எனவே முதலில் எந்த எடையில் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். வழிகாட்டு எண்கள் உலர் எடைக்கு உரியவை. ஈர எடை எண்ணை அவற்றோடு ஒப்பிட்டால் மாசு குறைவாகத் தோன்றும்.

எடை ஒன்றாகவே இருந்தால், வேறு மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை சேர்மங்களின் கூட்டுத்தொகை என்பது முதலாவது: பி.சி.பி.-யில் ஒருவர் வழக்கமான ஏழு வகைகளையும் மற்றவர் முப்பதையும் கூட்டியிருக்கலாம். கண்டறியும் எல்லைக்குக் கீழ் இருந்தவற்றை ஒருவர் சுழியமாகவும் மற்றவர் அந்த எல்லையின் பாதியாகவும் கொண்டிருக்கலாம். மீட்பு விழுக்காடு என்ன, அதைக் கொண்டு எண்ணைத் திருத்தினார்களா என்பது இரண்டாவது. 50 விழுக்காடு மீட்பில் திருத்தியவர் சொல்லும் எண், திருத்தாதவர் சொல்வதைப்போல் இரு மடங்காக இருக்கும்.

மூன்றாவது, மேற்கோள் மாதிரியின் முடிவு. அமெரிக்கத் தர நிறுவனம் பால்டிமோர் துறைமுக வாயிற்சேற்றிலிருந்து தயாரித்த 1941பி என்ற மாதிரி உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. பன்னாட்டு அணுசக்தி முகமையின் மொனாக்கோ கடல் ஆய்வகமும் ஒரே சேற்றைப் பல நாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுகிறது. இவற்றில் சான்றளித்த அளவுக்கு அருகே வந்த ஆய்வகத்தின் எண்ணை ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் அப்படி எதையும் ஓட்டவில்லை என்றால், மூன்றாவது ஆய்வகத்தைத் தேடுங்கள். அதற்குக் கொடுக்க, உறைநிலையில் வைத்த மீதிச் சேறு இருக்கிறதா என்று முதல் இரண்டிடமும் இப்போதே கேட்டுவிடுங்கள், ஏனெனில் அறிக்கை கொடுத்த சில மாதங்களில் மாதிரிகளை அப்புறப்படுத்திவிடும் வழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு.